காவலர்களின் ஓய்வு விதி: அறுபதில் போகிறவர்களும் நாற்பத்தைந்தில் போகிறவர்களும்

சாட்ஸ்வர்த் முன்னாள் புலனாய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் காவலர்களின் ஓய்வு வயதை 65-ஆக உயர்த்திவிட்டால் அனுபவசாலிகள் துறையிலேயே தங்கிவிடுவார்கள் என்று இன்னோர் இழையில் சிலர் எழுதியிருந்தார்கள். குற்றப் புலனாய்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைத் தனியாக எடுத்துப் பேசியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கக் காவல் பணிச் சட்டம், அதாவது 1995-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், காவலர் ஒருவர் 60 வயதை எட்டும்போது ஓய்வு பெற வேண்டும் என்கிறது. பொதுநலன் கருதிச் சிலரைச் சற்று நீட்டித்து வைத்துக்கொள்ள இடமிருந்தாலும், நிலையத்தில் டாக்கெட் (வழக்குக் கோப்பு) சுமக்கும், சார்ஜென்ட்டுக்கு ஒரு படி மேலான சாதாரண வாரண்ட் அதிகாரிக்கு அது எட்டாத சலுகை. 55 வயதில் விரும்பி ஓய்வு பெறலாம். ஆனால் 60-க்கு முன்பு போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பலனில் மூன்றில் ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம், 55-இலேயே போனால் 20 சதவீதம். அதே நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் பொதுப் பணிச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவராக இருந்தால் அவர் 65 வரை இருக்கலாம்.

60 வயது என்ற எல்லையால் சில நல்லவர்களை இழக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் என் கண்ணால் பார்த்த பெரிய இழப்பு அங்கே நடக்கவில்லை. நாற்பதுகளில், தொழில் கைக்கு வந்து, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு அஞ்சாமல் நிற்கப் பழகிய பிறகு, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால்தான் அது நடக்கிறது. ஓய்வு பெறுகிறவர் போகும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். ராஜினாமா செய்கிறவர் ஒரு மாத அவகாசத்தில் போய்விடுகிறார்.

அப்போது என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வேண்டும். ஒரு டாக்கெட்டில் மூன்று பகுதிகள் உண்டு. ஏ பகுதியில் வாக்குமூலங்கள், பி பகுதியில் கடிதங்களும் பிற அறிக்கைகளும், சி பகுதியில் புலனாய்வு நாட்குறிப்பு. போகிறவரின் டாக்கெட்டுகளை ஒரே நாளில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, வழக்கு எண்களைச் சரிபார்த்து, இன்னொருவர் மேசையில் வைத்துவிடுவார்கள். சி பகுதியைத் திறந்தால் ‘சாட்சியைத் தேடிச் சென்றேன், வீட்டில் இல்லை’ என்று இருக்கும். அந்தச் சாட்சி பகலில் பேசமாட்டார், வெஸ்ட்கிளிஃபில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் வருவார், அங்கே போய் அமைதியாக உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சொல்வார் என்பது அந்த நாட்குறிப்பில் இருக்காது. எழுதினால் அவருடைய உயிருக்கே ஆபத்து. அது போகிறவரோடு போய்விடும். 2022/23-ஆம் ஆண்டில் மட்டும் 27,000-க்கு மேற்பட்ட கொலைகள் பதிவான நாட்டில், இப்படிப் போகும் ஒவ்வோர் ஆளின் அறிவும் நமக்கு இழப்பு.

ஆகவே என் கேள்வி இது: இப்போதைய ஓய்வூதிய விதிகள் ஒரு காவலரை நடுவயதில் தங்கச் சொல்கின்றனவா, போகச் சொல்கின்றனவா?

லெனேசியா கணக்கர்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் 65-ஐ இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஒரு புலனாய்வாளரை உருவாக்க அரசு பல ஆண்டுகள் செலவிடுகிறது. அவர் நல்ல உடல்நலத்தோடு, தெளிந்த புத்தியோடு இருக்கும்போது, பிறந்த நாளை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்புவது வரி செலுத்துகிறவர்களின் பணத்தை வீணாக்குவதாகும். எழுத்தருக்கு 65, புலனாய்வாளருக்கு 60 என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ரோந்து போகிறவருக்கு உடல் வலிமை வேண்டும் என்றால் புரிந்துகொள்கிறேன். வணிகக் குற்றங்களை விசாரிப்பவர் வங்கிக் கணக்குகளைப் படிக்கிறார். அதற்கு 62 வயது எப்படித் தடையாகும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நிதியமைச்சர் ஈனாக் கோடோங்வானா இடைக்கால நிதிநிலை அறிக்கையில், அரசு ஊழியர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறுவதை ஊக்குவிக்க இரண்டு ஆண்டுகளுக்கு 1,100 கோடி ரேண்ட் ஒதுக்குவதாகவும், ஏறத்தாழ 30,000 பேர் இதில் போகலாம் என்றும் அறிவித்தார். மூத்தவர்கள் போனால் சம்பளச் செலவு குறையும், இளைஞர்கள் வருவார்கள் என்பது அதன் எண்ணம். கணக்கில் அது சரியாக வரும். ஆனால் மூத்தவரின் இடத்தில் இளைஞர் உட்கார்ந்தவுடன் வேலை அதே தரத்தில் நடக்கும் என்று கருதுவது, குறைந்தபட்சம் புலனாய்வைப் பொறுத்தவரை, தவறு.

சம்பளப் பிரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் அரசு அலுவலகம் ஒன்றில் சம்பளம், ஓய்வூதியம் தொடர்பான தாள்களைப் பார்க்கிறவள். எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் எல்லோருக்கும் எளிதாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

காவலர்களும் மற்ற அரசு ஊழியர்களும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியத்தின் உறுப்பினர்கள். ஊழியர் தம் ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தில் 7.5 சதவீதம் செலுத்துகிறார். அரசு மற்ற ஊழியர்களுக்கு 13 சதவீதமும், காவல், இராணுவம், சிறை போன்ற சீருடைப் பணியினருக்கு 16 சதவீதமும் செலுத்துகிறது. ஓய்வு பெறும்போது பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சேவை இருந்தால் பணிக்கொடையும் வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியமும் கிடைக்கும். பத்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் பணிக்கொடை மட்டும்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடைசி இரண்டு ஆண்டுகளின் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 4,00,000 ரேண்ட் என்றும் சேவை 30 ஆண்டுகள் என்றும் வைத்துக்கொள்வோம். பணிக்கொடை என்பது சம்பளத்தின் 6.72 சதவீதத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கியது: 8,06,400 ரேண்ட். ஆண்டு ஓய்வூதியம் என்பது சம்பளத்தை 55-ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்கி, அதோடு 360 ரேண்ட் கூட்டியது: சுமார் 2,18,500 ரேண்ட், மாதத்துக்கு 18,200-க்குச் சற்று மேல். சீருடைப் பணியினருக்குச் சேவைக் காலத்தைக் கூட்டிக் கணக்கிடும் சலுகையை நான் இதில் சேர்க்கவில்லை. அடிப்படைச் சூத்திரம் மட்டும் இது. இதே ஆள் அதே சேவையோடு 55 வயதில் போனால் இரண்டு தொகைகளிலும் 20 சதவீதம் குறையும். பணிக்கொடை 6,45,120 ஆகும். மாத ஓய்வூதியம் 14,600-க்கும் கீழே வரும். அந்தக் குறைவு 60 வயதானதும் நீங்கிவிடாது, கடைசிவரை இருக்கும்.

இனி ராஜினாமாவைப் பாருங்கள். நடுவயதில் விலகுகிறவர் தம் பலனை வேறொரு அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதிய நிதிக்கு மாற்றலாம், அல்லது ரொக்கமாக எடுக்கலாம். ரொக்கமாக எடுத்தால் வரி வேறு அட்டவணைப்படி வரும். 2023 மார்ச் 1 முதல் உள்ள அட்டவணைப்படி, ஓய்வு பெறும்போது எடுக்கும் மொத்தத் தொகையில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி இல்லை. ராஜினாமா செய்து எடுத்தாலோ முதல் 27,500 ரேண்டுக்கு மட்டுமே விலக்கு. அதற்கு மேல் 18 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம்வரை ஏறும். இப்போது எடுப்பதை வருங்காலத்தில் கிடைக்க வேண்டிய 5,50,000 விலக்கிலும் கழித்துவிடுவார்கள். 1998 மார்ச் 1-க்கு முன்பு சேவையில் இருந்தவர்களுக்கு அந்தக் காலப் பகுதிக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் இன்று நாற்பதுகளில் ராஜினாமா செய்கிறவர்களில் அந்தச் சலுகை உள்ளவர்களைப் பார்ப்பது அரிது.

ஆக, விதி ஒருவரைப் போகச் சொல்லவில்லை, தண்டிக்கவே செய்கிறது. அப்படியும் போகிறார்கள் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

மெரிபேங்க் இல்லத்தரசி

அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன் அக்கா. என் கணவர் சார்ஜென்ட்டாக இருந்து ராஜினாமா செய்தவர். எங்களுக்கு வீட்டுக் கடன், கார் கடன், அதன்மேல் மாமனாரின் சிகிச்சைக்கு வாங்கிய கடன். சம்பளம் வங்கியில் விழுந்த மூன்றாம் நாளே கழிவுகள் போக மிச்சம் மளிகைக்குக்கூடப் போதவில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சலித்துப்போயிருந்தார். வேலையை விட்டால் கையில் பெரிய தொகை வரும், கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

நிதியத்திலிருந்து பணம் எடுப்பதற்கான இசட் 102 படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டுதான் நிரப்பினார். விலகும் காரணம் என்ற இடத்தில் ராஜினாமா என்று குறியிடும்போது அவருடைய கை நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் ‘போடுங்கள், கடன் இல்லாமல் தூங்கலாம்’ என்று சொன்னேன். வரி இவ்வளவு போகும் என்று அந்த அலுவலகத்தில் யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. மருத்துவ உதவி என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. போல்மெட் என்ற காவலர் மருத்துவ உதவித் திட்டத்தின் அட்டை அந்த மாதத்தோடு நின்றுபோனது. என் இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இப்போது அரசு மருத்துவமனையில் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறேன்.

கடன் அடைந்தது உண்மை. இப்போது அவர் தனியார் ஆயுதக் காவல் நிறுவனம் ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு, ஓய்வூதியம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 60-ஆ 65-ஆ என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் எப்படி என்பதுதான் பேச்சாக இருந்தது.

சாட்ஸ்வர்த் முன்னாள் புலனாய்வாளர்

தங்கச்சி, நீங்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குத் துறை வாரண்ட் அதிகாரி பட்டை கொடுத்திருக்க வேண்டிய வயதில், தனியார் நிறுவனம் சீருடை கொடுத்திருக்கிறது. இந்த நாட்டில் பதிவு பெற்றுப் பணியில் இருக்கும் தனியார் காவலர்கள் 5,00,000-க்கும் மேல். காவல்துறையில் இருப்பவர்கள் 2,00,000-க்கும் கீழ். அரசு பயிற்சி கொடுக்க, அந்தப் பயனை வேறொருவர் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொள்கிறார்.

ஓய்வூதியம், கடன் பற்றிய ஆலோசனை என்று ஒன்று கட்டாயமாக இருந்திருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கும் இசட் 102-க்கும் நடுவில் யாராவது ஒருவர் உங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, வரி எவ்வளவு, மருத்துவம் என்ன ஆகும், 60 வரை இருந்தால் மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், முடிவு மாறியிருக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

சென்னையிலிருந்து வந்தவன், ஜோகன்னஸ்பர்க்

தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே குறிப்பிடுவது பயனுள்ளதாக இருக்கும். அங்கே அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-ஆக இருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்குவதாக அறிவித்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஓய்வுப் பலன்களை உடனே கொடுக்க வேண்டிய சுமையை அரசு தள்ளிப்போட முடிந்தது. ஆனால் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் தம்பி வயதுக்காரர்களுக்குக் காலியிடங்கள் தள்ளிப்போயின. கீழே இருந்தவர்களுக்குப் பதவி உயர்வும் தள்ளிப்போனது. மேலே இருப்பவர் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உட்கார்ந்தால் அவருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு படியும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும். இங்கே 65 ஆக்கினால் அந்தக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகள் ஆகும். சார்ஜென்ட்டாகவே இருந்து சலித்துப்போனார் என்று மெரிபேங்க் அக்கா எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இங்கிலாந்தில் இதற்கு நேரெதிரான தவறு நடந்தது. 1987-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் 30 ஆண்டுகள் முடித்தால் முழு ஓய்வூதியம். 2010-க்குப் பிறகு நிதி வெட்டு வந்தபோது, ஏ 19 என்ற விதியைப் பயன்படுத்திப் பல காவல் படைகள் 30 ஆண்டுகள் முடித்தவர்களைக் கட்டாயமாக அனுப்பின. 2015-இல் புதிய திட்டம் கொண்டுவந்து, சாதாரண ஓய்வு வயதை 60 ஆக்கி, பழையவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தார்கள். நீதிபதிகளுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் கொடுத்த இதே வகைப் பாதுகாப்பு வயதின் அடிப்படையில் பாகுபாடு என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளையவர்களுக்கு அரசின் வாக்குறுதி மீதிருந்த நம்பிக்கை போனதுதான் அதில் பெரிய சேதம் என்பது என் கருத்து.

பீனிக்ஸ் இளைஞன்

நான் 27 வயதான பட்டதாரி. காவல்துறைப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அம்மா வேண்டாம் என்கிறார். என் நண்பர்கள் ‘டூ பாட் என்ற இரு பகுதி ஓய்வூதிய முறை வந்த பிறகு ஓய்வூதியமே போய்விட்டது, வேலையை விட்டால் ஒரு காசும் கையில் வராது’ என்கிறார்கள். இது உண்மையா? உண்மையானால் இதில் சேர்வதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

சம்பளப் பிரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, அது உண்மையில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இதுதான். அந்தத் தேதிக்கு முன்பு சேர்ந்த பலன் பழைய விதிப்படியே இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு சேர்வதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதிக்கும், மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுப் பகுதிக்கும் போகும். சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ரேண்ட், வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். அதற்குச் சம்பளத்தைப் போலவே வருமான வரி உண்டு. ஓய்வுப் பகுதியை ராஜினாமா செய்தாலும் ரொக்கமாக எடுக்க முடியாது. ஏற்கெனவே இருந்தவர்களுக்குத் தொடக்கமாகப் பழைய பலனிலிருந்து 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ரேண்ட், சேமிப்புப் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதை எடுத்தவர்களுக்கு நிதியம் அதற்கு ஈடான சேவைக் காலத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

உங்களைப் போல இனிமேல் சேர்கிறவர்களுக்கு இதன் பொருள், ராஜினாமா செய்து பெருந்தொகையை எடுக்கும் கதவு பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது என்பதே. ஓய்வூதியம் போகவில்லை, அது உங்களுக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் 27-இல் சேர்ந்து 60 வரை இருந்தால் 33 ஆண்டுகள். 35 வயதில் சேர்கிறவருக்கு 25 ஆண்டுகள்தான். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் 40 முதல் 50 வயதுவரை இன்று பணியில் இருப்பவர்களின் பழைய பலன் பெரியது. அது இன்னும் ராஜினாமாவில் எடுக்கக்கூடியதாகவே இருக்கிறது. எனவே முன்னாள் புலனாய்வாளர் ஐயா சொல்லும் ஆபத்து அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும்.

வெருலம் சமூகக் காவல் மன்ற உறுப்பினர்

கடைசி வரியைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அந்த வயதுப் பிரிவினர் எப்படி உருவானார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1995-இல் பழைய காவல்துறையும் நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய தாயகப் பகுதிகளின் பத்துக் காவல் படைகளும் சேர்ந்து ஒரே துறையாயின. அடுத்த ஆண்டுகளில் அரசுப் பணியில் விருப்ப விலகல் தொகை கொடுக்கப்பட்டபோது, வெளியில் வேலை கிடைக்கக்கூடிய திறமையுள்ளவர்கள், குறிப்பாக அனுபவமுள்ள புலனாய்வாளர்கள், அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அதே 1990-களின் பிற்பகுதியில் புதிய ஆள்சேர்ப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. பிறகு 2000-களின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு மறுபடியும் தொடங்கி மிக வேகமாக நடந்தது. பத்தே ஆண்டுகளில் துறை பல பத்தாயிரக்கணக்கில் பெருத்தது.

இதன் விளைவை இன்று நிலையத்தில் பார்க்கலாம். 1995-க்கு முன்பு சேர்ந்தவர்கள் ஐம்பதுகளில் இருக்கிறார்கள், ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசை, ஆள் எடுக்காத ஆண்டுகளால், மெலிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் 2002-க்குப் பிறகு சேர்ந்த பெரிய கூட்டம், இப்போது நாற்பதுகளில். மூத்தவரிடம் கற்று இளையவருக்குக் கற்பிக்க வேண்டிய நடு வரிசை போதுமான அளவில் இல்லாததால், இந்தப் பெரிய கூட்டத்தில் பலர் தாமாகவே தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள். கற்ற பிறகு, படிக்கட்டில் மேலே இடமில்லாமல் நிற்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் அங்கிருந்துதான் வருகிறது.

2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் பகுதியில் நிலையத்துக்குத் தொலைபேசி அடித்தவர்களுக்கு வாகனம் வரவில்லை. அந்த இரவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு, ஓய்வு விதி அவற்றில் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் தெருவில் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று அறிந்த மூத்த அதிகாரிகள் எத்தனை பேர் அன்று பணியில் இருந்தார்கள் என்ற கேள்வியை எங்கள் மன்றத்தில் பலரும் கேட்டார்கள். 2022 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் தம் உரையில் 12,000 புதிய காவலர்களைச் சேர்க்க நிதி ஒதுக்குவதாகச் சொன்னார். வரவேற்கிறேன். அந்த 12,000 பேருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

லெனேசியா கணக்கர்

வெருலம் ஐயாவின் பதிவு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்றால், இருப்பவர்களை 60-இல் ஏன் அனுப்ப வேண்டும்? சென்னை நண்பர் சொன்ன பதவி உயர்வுத் தடையை ஏற்கிறேன். அப்படியானால் 60-க்குப் பிறகு தங்குகிறவர் தலைமைப் பதவியை விட்டுக் கொடுத்துவிட்டு, பதவி வரிசைக்கு வெளியே, ஆண்டு ஒப்பந்தத்தில் பயிற்சியாளராகவோ வழக்கு ஆலோசகராகவோ இருக்கட்டும். கீழே இருப்பவரின் வழி அடைபடாது.

சாட்ஸ்வர்த் முன்னாள் புலனாய்வாளர்

அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். 65-ஐ எல்லோருக்கும் விதியாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். முப்பது ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து, பிணங்களுக்கு அருகில் நின்று, முதுகும் மனமும் தேய்ந்துபோன ஒருவரை 65 வரை ரோந்து வண்டியில் உட்காரச் சொல்வது கொடுமை. அவர் உடல்நலக் காரணத்தில் விலகப் போராடுவார், அல்லது விடுப்பிலேயே காலத்தை ஓட்டுவார். இரண்டிலும் துறைக்குப் பயனில்லை.

எங்கள் சாட்ஸ்வர்த்திலேயே காவல் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் இந்தியக் காவலர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட இடம் அது. இன்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே அணிவகுக்கிறார்கள். அதிலிருந்து சில நிமிடப் பயணத்தில், நூற்றுக்கணக்கான கொலை வழக்குகளை நீதிமன்றம்வரை கொண்டுபோன ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வாக்குமூலம் எழுதுவது எப்படி, சான்றுப் பொருள்களை வைக்கும் எஸ்ஏபிஎஸ் 13 அறையில் பொருளை ஒப்படைக்கும்போது எந்தக் கட்டத்தில் கையெழுத்து விட்டுப்போனால் வழக்கு விழும் என்று அவர்கள் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கலாம். கூப்பிட்டால் வருவார்கள்.

ஆனால் கணக்கர் தம்பி, அது பாதித் தீர்வுதான். 60-இல் போகிறவரிடமிருந்து அறிவை வாங்கிவைக்கலாம். 45-இல் போகிறவரிடம் அதற்கு நேரமே இல்லை. நடுவயதுக்காரரைத் தங்கவைக்க எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள்தான் உண்டு. புலனாய்வில் நல்லவராக இருப்பவர், ஆட்களை மேய்க்கும் பதவிக்குப் போகாமலேயே, புலனாய்வாளராகவே சம்பளத்தில் உயர வேண்டும். இப்போது சம்பளம் உயர வேண்டுமானால் பதவி உயர வேண்டும், பதவி உயர்ந்தால் டாக்கெட்டை விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார வேண்டும். நல்ல புலனாய்வாளரை இழந்து சுமாரான நிர்வாகியைப் பெறுகிறோம். இரண்டாவது, நான் முன்பே சொன்ன கட்டாய ஆலோசனை. தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்குப் பேசும் அதே மேசையில் இதையும் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். போப்க்ரு, சாப்பு ஆகிய காவலர் சங்கங்களில் இருக்கும் உறவினர்கள் யாராவது இதைப் படித்தால் கிளைக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

பீனிக்ஸ் தம்பிக்கு: சேருங்கள். அம்மாவின் அச்சம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சேரும் நாளிலேயே, கூட வேலை செய்கிறவர்கள் வாங்குகிறார்கள் என்று கார் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த ராஜினாமாக்களில் பாதி அந்தக் காரில்தான் தொடங்கியது.

மெரிபேங்க் இல்லத்தரசி

ஐயா, அக்கா, ஒரே ஒரு கேள்வி. விலகிப் போன அனுபவசாலிகளைத் துறை திரும்பவும் சேர்த்துக்கொள்கிறது என்று கேள்விப்பட்டோம். என் கணவருக்கு இப்போது 48 வயது. திரும்பிப் போனால் பழைய ஓய்வூதியம் மீண்டும் கிடைக்குமா? இந்த வயதில் போவதில் பொருள் இருக்கிறதா?

சம்பளப் பிரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தங்கச்சி, மறுசேர்ப்பு அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. புலனாய்வு அனுபவம் உள்ளவர்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். வயது, பழைய பதவி, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா என்பதற்கெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள். ரொக்கமாக எடுத்துவிட்ட பழைய சேவை தானாகத் திரும்பி வராது. நிதியத்தில் புதிய உறுப்பினராகவே தொடங்குவார். விட்டுப்போன காலத்தைப் பணம் கட்டி வாங்க வழி உண்டு என்றாலும் அதன் விலை அதிகம்; கடன் வாங்கி அதைச் செய்ய வேண்டாம்.

ஆனாலும் பொருள் இருக்கிறது. நான் முன்பு எழுதியதை நினைவில் வையுங்கள்: ஓய்வு பெறும்போது பத்து ஆண்டுகள் சேவை இருந்தால் மாத ஓய்வூதியம், இல்லாவிட்டால் ஒருமுறைத் தொகை மட்டும். 48-இல் சேர்ந்தால் 60-க்குள் 12 ஆண்டுகள் ஆகிவிடும். அவர் காலமான பிறகும் அந்த ஓய்வூதியத்தில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். 51-இல் சேர்ந்தால் இது எதுவும் இல்லை. எனவே முடிவு எடுப்பதானால் அவருக்கு 50 ஆவதற்குள் எடுங்கள். பழைய பணி எண், விலகிய தேதி, நிதியம் கொடுத்த கடைசிக் கடிதம் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். மறுபடி சேர்ந்தால் முதல் வாரத்திலேயே டபிள்யூபி 1002 வாரிசு நியமனப் படிவத்தைப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள், பழையது செல்லாது.